நான்காம் விதியும் செல்லக்கனியும்

செல்லக்கனி கடைசியாகத் தீக்குச்சி உரசியது 1986 மார்ச் 19, புதன்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு. தேதியில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அன்று அடுப்பைப் பற்ற வைத்தார், உலை வைத்தார், காது குடைய இன்னொரு குச்சியை எடுத்தார், யாரோ வாசலில் கூப்பிடவும் அதைக் கொண்டையில் செருகினார், மறந்தார், வேலைக்குப் போனார். பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்து அது மூன்றாம் நாள். கேட்டில் சோதனை போட்ட அம்மாள் கொண்டைக்குள் விரலை விட்டார். குச்சி தலையோடு வெளியே வந்தது.

அப்போதிருந்த போர்மேன் திட்டவில்லை. குச்சியை இரண்டு விரலால் பிடித்து, வரிசையில் நின்ற அறுபது பேருக்கும் ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே வந்தார். கடைசியாகச் செல்லக்கனி முன்னால் நின்று, "இதை வச்சிருந்த கொண்டை ஒரு வாரம் வீட்ல இருக்கட்டும்" என்றார். ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பிய செல்லக்கனி, அதற்குப் பிறகு தீப்பெட்டியைக் கையால் தொடவில்லை.

2009இல் அவருக்கு வயது நாற்பத்து நான்கு. ஆமத்தூரில் வீடு. மருந்து செலுத்தும் அறையில் மூத்த கை. இருபத்து மூன்று வருடத்தில் அவர் கை பட்டுப் போன வெடி எத்தனை லோடு என்று யாரும் எண்ணியதில்லை. அவற்றில் ஒன்றைக்கூட அவர் கொளுத்தியதில்லை. தீபாவளி அன்று தெருவே புகையாக இருக்கும்போது அவர் உள்ளறையில் அதிரசம் அடுக்கிக்கொண்டிருப்பார்.

அடுப்புக்கு என்ன செய்தார் என்றால், அதற்குத்தான் புருஷன் இருக்கிறாரே. ஊர்க்காவலனுக்கு ஊருக்கு ரோடு பிரிகிற ஆமத்தூர் விலக்கில் டீக்கடை. காலை நாலரைக்குக் கடைக்குக் கிளம்புமுன் வீட்டு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் போவார். நடுவில் அணைந்துபோனால் செல்லக்கனி பக்கத்து வீட்டில் கரண்டியில் கங்கு வாங்கி வருவார். எரிகிற நெருப்பின்மேல் அவருக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. குழம்பு கொதிக்கும், தோசை வேகும். உரசுவதுதான் ஆகாது. பிறகு காஸ் அடுப்பு வந்தது, கூடவே லைட்டரும் வந்தது. அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்து, "இது துப்பாக்கி மாதிரியில்ல இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பயமா என்று கேட்டால் இல்லை என்பார். வேலை செய்த காலத்தில் அந்தச் சத்தத்தை மூன்று தடவை கேட்டிருக்கிறார். அதைப் பற்றி மேற்கொண்டு கேட்டால், முருங்கைப் பூ ஏன் காயாகாமல் உதிர்கிறது என்று பேச ஆரம்பித்துவிடுவார்.

தேனீக்களிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அந்த முருங்கைதான். வீட்டுக்குப் பின்னால் பதினொரு மரம். பூக்கிற காலத்தில் தரை வெள்ளையாக இருக்கும். காய் மட்டும் விரல்விட்டு எண்ணலாம். அந்த வருடம் ஜனவரியில் டீக்கடைக் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'ஆமத்தூர் வட்டாரத் தேனீ வளர்ப்போர் மன்றம். முருங்கை, புளி, சூரியகாந்தி வைத்திருப்போர் அனைவரும் வருக. டீ உண்டு.'

"டீ நம்ம கடைதான். இருபது டீக்கு ஆர்டர் குடுத்திருக்காக" என்றார் ஊர்க்காவலன். "பதிமூணு பேர்தான் அங்கன இருக்காக. ஏழு டீ மிச்சம். போயி ஒண்ணைக் குடிச்சிட்டு, காய் ஏன் பிடிக்கலைன்னு கேட்டுட்டு வா."

இப்படித்தான் சேர்ந்தார்.

மன்றத்தின் செயலாளர் ஜெயசுந்தர், உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். கூட்டம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை மூன்றரை. சர்ச் முடிந்து, கறிச்சோறு முடிந்து, செயலாளரின் தூக்கமும் பாதி முடிந்த நேரம். இடம் பொருளாளர் சோலைச்சாமியின் முருங்கைத் தோப்பு. அங்கே ஒன்பது தேனீப் பெட்டிகள் செங்கல் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

முதல் நாள் செல்லக்கனி தோப்பு வேலியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். குனிந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்தார். கம்பெனியில் அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்திருக்கும் பித்தளைத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்கு. தோப்பில் தகடு இல்லாததால் மண்ணைத் தொட்டார். அடுத்து, வெளியே ஓட எத்தனை வழி என்று பார்த்தார். இரண்டு இருந்தன. திருப்தியாக உள்ளே வந்து செயலாளரைப் பார்த்து, "சார், பையில என்ன வச்சிருக்கீக?" என்றார்.

முப்பது வருடமாகப் பிள்ளைகளின் பையைச் சோதித்த மனிதர், தன்னை அறியாமல் செல்போனை எடுத்து நீட்டினார். பின்னால் நின்ற சோலைச்சாமி பீடிக்கட்டை வேட்டிக்குள் தள்ளினார்.

ஜெயசுந்தர் ஒரு பெட்டியைத் திறந்து சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். இரண்டு பக்கமும் தேனீ மூடியிருந்தது. செல்லக்கனி முகவலைக்குள்ளிருந்து வெகுநேரம் பார்த்தார்.

"எம்புட்டு பேரு சார் இதுக்குள்ள?"

"ஒரு பெட்டியில பத்தாயிரம், இருபதாயிரம் இருக்கும்மா."

"எங்க ரூம்ல நாலு பேருக்கு மேல இருந்தா லைசென்ஸ் போயிரும். இவுகளுக்கு யாரு குடுத்தா?"

சோலைச்சாமி சிரித்தார். அந்த மன்றத்தில் அவர் சிரித்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. செல்லக்கனி சிரிக்கவில்லை. "ஒருத்தரும் இடிச்சுக்கல. ஒருத்தரும் சும்மா நிக்கல. போர்மேனையும் காணோம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் சந்தா கட்டிப் பயிற்சி உறுப்பினர் ஆனார்.

கம்பெனியில் பதினான்காம் எண் அறை அவருடையது. அவருடன் இன்னும் மூன்று பெண்கள். அதில் சண்முகத்தாய் என்பவருக்கு வாய்தான் முதலில் வேலைக்கு வரும்.

"யக்கா, ஞாயித்துக்கிழமை ஒருநாளுதான் லீவு. அன்னிக்கும் போயிக் கொட்டு வாங்குறியே, வீட்ல மாமா சரியில்லையா?"

"தைப்பொங்கலுக்கு உனக்கு ஒரு பாட்டில் தேன் தர்றேன். அப்ப பேசு."

"பாட்டிலா? எனக்கு மட்டுமா, ரூமுக்கா?"

"ரூமுக்கே."

அறையிலிருந்து அது அடுத்த அறைக்குப் போனது. மாலை பஸ் ஏறுவதற்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. ஏறிய வேகத்தில் டிரைவரும் கேட்டார். செல்லக்கனி யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஆக, பெட்டி அவருக்குக் கிடைத்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது.

பெட்டி வருவதும் உறுதியாகியிருந்தது. அரசு மானியத்தில் பன்னிரண்டு பெட்டிகள் மன்றத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். முழு உறுப்பினர்களுக்கு மட்டும். பெயர்ப் பட்டியலை ஆகஸ்ட் 9 கூட்டத்தில் முடிப்பார்கள். முழு உறுப்பினர் ஆவதற்கு ஒரே ஒரு தடை, மன்றத்தின் நான்காம் விதி. புது உறுப்பினர் ஆறு மாதத்துக்குள் தன் கையால் புகை மூட்டி, தனியாக ஒரு பெட்டியைத் திறந்து, ராணித் தேனீயைக் காட்ட வேண்டும்.

புகை இல்லாமல் பெட்டி திறப்பது வழக்கம் இல்லை. துருத்தி வைத்த ஒரு தகர டப்பாவுக்குள் தேங்காய் நாரைத் திணித்துப் பற்ற வைத்து, இரண்டு ஊது ஊதினால் தேனீக்கள் சாந்தமாகிவிடும். அதற்குப் புகைமூட்டி என்று பெயர். பற்ற வைக்கத் தீக்குச்சி வேண்டும்.

ஜூன் 14. ஜெயசுந்தர் தீப்பெட்டியை நீட்டினார். செல்லக்கனி அதை வாங்கவில்லை. "கீள வைங்க சார்" என்றார். அவர் செங்கல்மேல் வைத்தார். செல்லக்கனி இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"பத்த வைங்கம்மா."

"பெட்டிக்குள்ள எத்தனை குச்சி சார் இருக்கும்?"

"நாப்பது இருக்கும். ஒண்ணு போதும்."

"நாப்பதையும் வச்சுக்கிட்டா உள்ள வந்தீக?"

ஐந்து நிமிடம் போனது. பிறகு செல்லக்கனி புகைமூட்டியை விட்டுவிட்டு நேராகத் தேனீப் பெட்டியிடம் போனார். மூடியை இலை திருப்புவதுபோல் எடுத்தார். ஒரு சட்டம், இன்னொரு சட்டம், மூன்றாவதில் ராணி. நீளமான வயிற்றோடு அது நடந்துபோவதைச் சுண்டுவிரலால் காட்டினார். ஒரு தேனீகூட அவரைக் கொட்டவில்லை. பக்கத்தில் நின்ற சோலைச்சாமியை இரண்டு கொட்டின.

"சரியாத்தான் செஞ்சாங்க" என்றார் ஜெயசுந்தர்.

"புகை மூட்டல" என்றார் சோலைச்சாமி காதைத் தடவிக்கொண்டே. "விதின்னா விதிதான். நாளைக்குத் தோட்டத்துல தன்னந்தனியா நிக்கையில எவன் வந்து பத்த வச்சுக் குடுப்பான்?"

கேள்வி நியாயமானது. செல்லக்கனியே தலையாட்டினார்.

அந்த மாதம் முழுக்க ஊர்க்காவலன் கடையில் அவருக்குப் பயிற்சி. சாயங்காலம் கம்பெனி விட்டு வந்ததும், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் பாய்லர் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு குச்சியைக் கையில் கொடுப்பார். ஊர்க்காவலன் ஒரு குச்சியில் கரியடுப்பும் விறகடுப்பும் பற்ற வைத்து, மீதி நெருப்பில் பீடி கேட்டவருக்கும் நீட்டக்கூடிய ஆள். மனைவிக்குச் சொல்லிக் கொடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

"உரசு, புள்ள."

"கை வேர்க்குது."

"தொடச்சிட்டு உரசு."

"குச்சியும் வேர்த்துருச்சு."

பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் ஒருவர். சாமியை நினைக்கச் சொன்னார் இன்னொருவர். சுற்று வட்டாரமெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ், இங்கே ஒரு பொம்பளை தீக்குச்சிக்கு முழிக்கிறதா என்று ஒரு லாரி டிரைவர் கேட்டார். அவருக்கு அன்று டீயில் சீனி குறைவாக விழுந்தது.

ஜூலை 12 கூட்டத்தில் செல்லக்கனி தீப்பெட்டியைக் கையில் வாங்கினார். குச்சியை எடுத்தார். மருந்து தடவாத பக்கத்தில் மூன்று முறை உரசினார். நான்காம் முறை சரியான பக்கத்துக்குக் கை போனது, அங்கேயே நின்றுவிட்டது. குச்சியைத் திரும்ப உள்ளே வைத்து, பெட்டியை மூடி, அதைத் தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"ஆகஸ்ட் ஒம்பதுதான் கடைசி" என்றார் சோலைச்சாமி. இந்தத் தடவை குரலில் கடுமை இல்லை. அன்று அவருடைய புகைமூட்டியும் ஆடிக்காற்றுக்கு முன்னோட்டமாக அடித்த காற்றில் நான்கு முறை அணைந்திருந்தது.

ஜூலை 30, வியாழன். ஆடி மாதம், சீசன் உச்சம். காலை ஒன்பதரை மணி. பதினான்காம் அறையில் நால்வரும் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் லாரி வருவதுபோல் ஒரு சத்தம். லாரி நிற்கவில்லை. வானத்தில் ஒரு பழுப்புத் துணி உருண்டு வருவதுபோல் தேனீக்கூட்டம் காற்றோடு வந்து அறையைச் சுற்றியது.

பழக்கம் பழக்கம்தான். நான்கு பேரும் கையிலிருந்ததை அப்படியே, ஓசையில்லாமல் மேசையில் வைத்துவிட்டு ஆளுக்கொரு வாசலாக வெளியேறி வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுவிட்டார்கள். சண்முகத்தாய் மரத்தடி வந்தபிறகுதான் கத்தினார். தேனீக்கள் ஐந்து நிமிடம் சுற்றின. பிறகு கிழக்கு வாசல் உத்தரத்தில் ஒன்றாகக் குவிந்து, நல்ல பலாப்பழம் அளவுக்குத் தொங்கின.

உள்ளே மேசைமேல் இரண்டு தட்டு மருந்து, கலந்து வைத்தது. அது வெயில் ஏறுமுன் வெளியே வந்தாக வேண்டும். கலந்த மருந்தைக் கேட்பாரில்லாமல் போட்டு வைக்க முடியாது. போர்மேன் முனியராஜ் பக்கத்து ஐந்து அறைகளையும் காலி பண்ணச் சொன்னார். இருபத்து நான்கு பேர் மரத்தடியில் சேர்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனையும் கூடவே வந்தது.

"தண்ணி அடிச்சா?" என்றார் ஒருவர்.

"மருந்துல தண்ணி பட்டா நீ நிப்பியா?" என்றார் முனியராஜ்.

"கொசு மருந்து டப்பா இருக்குல்ல, அதை அடிச்சா?"

"அந்த டப்பாவுல நெருப்புப் படம் போட்டிருக்கும். எடுத்துப் பாரு."

புதிதாகச் சேர்ந்த ஒருவர், "எங்க ஊர்ல புகை போடுவாங்க" என்றார். இருபத்து நான்கு தலையும் அவர் பக்கம் திரும்பின. அவர் மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

"நம்ம யக்கா தேன்சங்கத்துல இருக்கு அண்ணாச்சி. யக்கா, கூப்பிடு உங்க வாத்தியாரை" என்றார் சண்முகத்தாய்.

"நீங்களே பிடிக்க முடியாதா?" என்று முனியராஜ் செல்லக்கனியைக் கேட்டார்.

"நான் இன்னும் பாஸாகல அண்ணாச்சி. சாரையே கூப்பிடுங்க."

ஆபீஸ் போனிலிருந்து தகவல் போனது. ஜெயசுந்தர் ஏழாம் வகுப்பைத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு அரை மணியில் மொபெட்டில் வந்து சேர்ந்தார். பின்னால் காலிப் பெட்டி, புகைமூட்டி, ஒரு பை நிறையத் தேங்காய் நார். கேட்டில் வாட்ச்மேன் அய்யாதுரை கையை நீட்டினார்.

"அவசரம், தேனீ பிடிக்க வந்திருக்கேன்" என்றார் ஜெயசுந்தர்.

"சந்தோசம் சார். தீப்பெட்டியைக் குடுங்க."

கொடுத்தார்.

"இந்த டப்பா என்ன? கருகுன வாடை அடிக்குது. இதையும் வைங்க. நாரும் இங்கன இருக்கட்டும். போனு. இரும்பு உளி. பெட்டியில ஆணி அடிச்சிருக்கு, அதும் கேட்டைத் தாண்டாது. ஷூவுல லாடம் இருக்கா? இருக்கு. களட்டுங்க." அய்யாதுரை சட்டைக் காலரை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "இது பாலியஸ்டர்ல சார்?"

"அதுக்கென்ன?"

"பருத்தி மட்டுந்தான். தீப்பொறி பறக்கும்ல. முகத்துக்குப் போடுற வலை நைலானா? வைங்க அதையும்."

மன்றத்தின் செயலாளர் பனியனோடு, வாட்ச்மேனின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலில் பதினான்காம் அறைக்கு வந்தார். பேன்ட் பருத்தியாக இருந்தது மன்றத்தின் அதிர்ஷ்டம். அவரிடம் படித்த இரண்டு பெண்கள் மரத்தடிக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

அவர் உத்தரத்தைப் பார்த்தார். பலாப்பழம் லேசாக மூச்சு விட்டது. செல்லக்கனியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பதினாறு வருசமா வளக்குறேன். புகை இல்லாம ஒருதடவைகூடத் தொட்டதில்லம்மா."

"எனக்குப் புகை போட்டுப் பழக்கமில்ல சார்" என்றார் செல்லக்கனி.

ஜெயசுந்தர் உத்தரத்தையே பார்த்தபடி கேட்டார், "கூட்டமாப் பறந்து வந்ததுங்க வயிறு நிறையத் தேனைக் குடிச்சிட்டுத்தான் வரும். சாதுவா இருக்கும். நான் சொல்லச் சொல்ல நீங்க செய்றீங்களா?"

செல்லக்கனி லோடு கட்டும் அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினார். சேலையை இழுத்துச் செருகினார். வாசலில் பித்தளைத் தகட்டைத் தொட்டார், எல்லா நாளும் தொடுவதுபோல. முக்காலியை இழுக்காமல் தூக்கி வைத்து ஏறினார். இடது கையில் பெட்டியைக் கூட்டத்துக்கு அடியில் பிடித்தார். வலது கையை மெதுவாக உள்ளே விட்டார், வெறும் கையை.

"சூடா இருக்கு சார்" என்றார் திரும்பாமல். "வடிச்ச சோறு மாதிரி."

"பேசாதீங்க. மூச்சை மேல விடாதீங்க. கொட்டுனா கையை உதறிடாதீங்க."

"இந்த வாசல்ல நான் எந்தக் காலத்துல சார் கையை உதறியிருக்கேன்?"

இரண்டு கொட்டின. ஒன்று மணிக்கட்டில், ஒன்று கன்னத்தில். கை நகர்ந்த வேகம் மாறவில்லை. கைப்பிடி கைப்பிடியாக இறக்கினார். எட்டாவதோ ஒன்பதாவதோ பிடியில் ராணியும் இறங்கியிருக்க வேண்டும், மேலே இருந்த மிச்சத் தேனீக்கள் தாமாகவே பெட்டிக்குள் நடக்க ஆரம்பித்தன. பதினேழு நிமிடம். அட்டைப்பெட்டியின் நாலு இதழையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து மூடினார். ஜெயசுந்தர் வாட்ச்மேன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொட்டு வாங்கியவரைவிட அவருக்குத்தான் அதிகம் வேர்த்திருந்தது.

முதலில் மருந்துத் தட்டுகள் பத்திரமாக வெளியே வந்தன. அதற்குப் பிறகுதான் சண்முகத்தாய் செல்லக்கனியின் கன்னத்தைப் பார்த்தார்.

"யக்கா, ஒரு பக்கம் மட்டும் பொங்கல் வந்துருச்சே உனக்கு."

வேலை நின்றதற்குக் காரணம் எழுதப் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. மழை, மின்னல், இன்ஸ்பெக்‌ஷன் தவிர முனியராஜ் அதில் வேறு எதுவும் எழுதியதில்லை. யோசித்துப் பார்த்து, 'மழை' என்று எழுதினார். அன்று ஆமத்தூரிலிருந்து ஆனைக்குட்டம் வரை ஒரு சொட்டு விழவில்லை.

கேட்டில் இன்னொரு சிக்கல். கம்பெனி பெயர் போட்ட அட்டைப்பெட்டி கேட்டைத் தாண்டினால் திறந்து பார்க்க வேண்டும். முப்பத்தொரு வருடமாக அய்யாதுரை திறக்காமல் ஒரு பெட்டியை விட்டதில்லை.

"உள்ள என்ன தாயி?"

"திறந்து பாருங்கண்ணே" என்று செல்லக்கனி பெட்டியை நீட்டினார்.

அய்யாதுரை காதை அருகில் கொண்டுபோனார். கேட்டார். நிமிர்ந்து கேட்டை அகலமாகத் திறந்து விட்டார்.

வெளியே வந்ததும் தேனீக்களை ஆணி அடித்த பெட்டிக்கு மாற்றினார்கள். சோலைச்சாமியின் தோப்பில் பத்தாவது பெட்டியாக அதை வைத்தார்கள். யாருடைய பெட்டி என்று பேசவில்லை. ஆகஸ்ட் 9க்குப் பத்து நாள் இருந்தது.

கூட்டத்தன்று பதிமூன்று பேரும் வந்துவிட்டார்கள். பத்து நாற்காலிதான், மூன்று பேர் நின்றார்கள். செல்லக்கனி வேலியோரம் செருப்பில்லாமல் நின்றார். கன்னம் வடிந்திருந்தது. ஊர்க்காவலன் டீ கேனோடு தோப்பு வாசலில் நின்றார், அவர் உறுப்பினர் இல்லை.

ஜெயசுந்தர் நடந்ததை நடந்தபடி சொன்னார். பனியன் பகுதியை மட்டும் சுருக்கமாகச் சொன்னார். செல்லக்கனியை முழு உறுப்பினராக்கிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று முன்மொழிந்தார்.

சோலைச்சாமி எழுந்தார். "அவுக கெட்டிக்காரத்தனத்தை நான் இல்லைங்கல. பறந்து வந்த கூட்டம் வேற. தேன் எடுக்குற பெட்டி வேற. தேன் நிறைஞ்ச பெட்டியைப் புகை இல்லாமத் திறப்பாகளா? அவுகளே சொல்லட்டும்."

எல்லோரும் செல்லக்கனியைப் பார்த்தார்கள். திறப்பேன் என்று சொன்னால் போதும், பெட்டி அவருக்கு. அவர் மண்ணைப் பார்த்தார், பத்தாவது பெட்டியைப் பார்த்தார்.

"முடியாது" என்றார். "போன மாசம் ஒம்பதாம் பெட்டியைத் தள்ளி நின்னு பார்த்தேன். தேன் இருக்கையில அவுக கோவம் வேற மாதிரி இருக்கு. அன்னிக்குப் புகை வேணும்."

"மூட்டுவீகளா?"

"மாட்டேன். இதுக்கு மேலயும் மாட்டேன். ஆறு மாசம் பார்த்துட்டேன், என் கைக்கு அது வரல." பத்தாவது பெட்டியைக் கைகாட்டினார். "அந்தப் பெட்டியை யாருக்காச்சும் குடுங்க. நான் வந்து பார்த்துக்கிறேன், அது போதும். ரூம்ல தேன் தர்றதாச் சொல்லிட்டேன், அதை நான் பேசிக்கிறேன்."

அந்த நேரம் ஆடிக்காற்று தோப்புக்குள் புகுந்து, மேசைமேல் இருந்த சோலைச்சாமியின் புகைமூட்டியை மறுபடி அணைத்தது. சோலைச்சாமி குச்சி உரசினார். அணைந்தது. இன்னொன்று. அணைந்தது. ஐந்தாவது குச்சியில் வாசலில் கேன் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, இங்கன குடுங்க" என்று ஊர்க்காவலன் உள்ளே வந்தார். காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தினார். நாரை வெளியே இழுத்து, உதிர்த்து, பாதியைக் கீழே திணித்து, நடுவில் ஒரு குழி விட்டார். ஒரே குச்சி. மேலே மீதி நாரை மூடித் துருத்தியை அழுத்தினார். வெள்ளைப் புகை கயிறுபோல் எழுந்தது.

"கடை மேக்கால பார்த்தது. பதினெட்டு வருசமா இந்தக் காத்துலதான் பாய்லர் போடுறேன்" என்றார்.

செல்லக்கனி வந்து அவர் கையிலிருந்து புகைமூட்டியை வாங்கினார், காலையில் எரிகிற அடுப்பை வாங்கிக்கொள்வதுபோல. ஒன்பதாம் பெட்டியிடம் போனார். இரண்டு ஊது. மூடியை எடுத்தார், சட்டத்தைத் தூக்கினார், சுண்டுவிரலை நீட்டினார். ராணி. ஒரு கொட்டும் இல்லை, சோலைச்சாமிக்கும் இல்லை.

"தோட்டத்துல தனியா நிக்கையில யாரு பத்த வைப்பான்னு கேட்டீங்களே" என்றார் ஜெயசுந்தர்.

"கேட்டேன்" என்ற சோலைச்சாமி புகைமூட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் அணையவில்லை. "இவரு எப்பவும் கூட வருவாரா?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடைக்கு லீவு விட்டுக்கிறேன்" என்றார் ஊர்க்காவலன்.

"அப்ப என் பெட்டிக்கும் வருவீரா?"

கை தூக்கச் சொன்னார் ஜெயசுந்தர். ஒன்பது கை ஆதரவு, மூன்று கை எதிர்ப்பு, ஒருவர் டீ ஊற்றிக்கொண்டிருந்ததால் கணக்கில் வரவில்லை. ஒரு பெட்டிக்கு இரண்டு பெயர் பதியலாம், புகை ஒருவர், பெட்டி ஒருவர் என்று நான்காம் விதி திருத்தப்பட்டது. ஆதரவில் முதலில் உயர்ந்த கை சோலைச்சாமியுடையது. பட்டியலில் ஏழாவது வரியில் செல்லக்கனி, ஊர்க்காவலன் என்று இரண்டு பெயரையும் எழுதினார்கள். பத்தாவது பெட்டியிலிருந்த தேனீக்கள் மறுநாள் இருட்டியதும் செல்லக்கனி வீட்டு முருங்கை மரத்தடிக்கு வந்து சேர்ந்தன. வீட்டு அடுப்பை இப்போதும் ஊர்க்காவலன்தான் பற்ற வைக்கிறார்.

மன்றத்தின் அடுத்த கூட்டம் செப்டம்பர் 13, ஞாயிறு, மாலை மூன்றரை மணிக்கு. காற்றில் அணையாமல் புகை மூட்டுவது எப்படி என்று டீக்கடை ஊர்க்காவலன் பேசுகிறார்.